வடிவு பேசுகிற மாதிரி

கடவுச்சொல் செத்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. அதற்காக வருத்தப்பட்ட ஒரே மனிதன் ஹெல்ப் டெஸ்க் இன்னாசிமுத்துதான்.

அந்தக் காலத்தில் எவ்வளவு சுகமான வேலை அது. "தம்பி, பாஸ்வேர்டு மறந்துபோச்சு" என்பார்கள். புதிதாக ஒன்று கொடுத்து, "இதையாவது எங்கயாவது எழுதி வச்சுக்கோங்க சார்" என்றால் முடிந்தது. கொள்முதல் பிரிவில் ஒருவர் வருடக்கணக்காகத் தன் பழைய காதலியின் பெயரையே வைத்திருந்தார். மாற்றச் சொல்லும்போதெல்லாம் பெயருக்குப் பின்னால் ஓர் எண் கூடும். அவரே ஒருநாள் போனில் கிசுகிசுத்தபோது அது இருபத்தேழு வரை போயிருந்தது. இன்னாசி காதில் விழாத மாதிரி இருந்துவிட்டான்.

பிறகு குரலை எவனும் திருடலாம் என்று ஆனது. முகமும் கைரேகையும் கூடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. மிஞ்சியது ஒன்றுதான்: ஆள் பேசுகிற விதம். எந்தச் சொல்லில் ஆரம்பிக்கிறார், எங்கே தயங்குகிறார், எதற்குச் சிரிக்கிறார். அதற்குப் 'பேச்சுநடை' என்று பெயர் வைத்தார்கள். காலையில் மேஜைக்கு வந்து மடிக்கணினியை அலுவலக வலையில் செருகினால் அது ஓரிரு கேள்வி கேட்கும். நேற்று என்ன சாப்பிட்டீர்கள், வரும் வழியில் என்ன பார்த்தீர்கள் என்கிற மாதிரி. பதில் சொன்னால் திறக்கும். கூடவே இன்றைய உங்களை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். தினமும் நீங்கள் கொஞ்சம் மாறினால் அதுவும் கொஞ்சம் மாறும்.

வில்லங்கம் எல்லாம் வெளியூரில் இருப்பவர்களுக்குத்தான். வலை இல்லாத இடத்தில் மடிக்கணினிக்குத் தெரிந்தது, கடைசியாகப் பார்த்த உங்களை மட்டும். ஒரு வாரம் என்றால் சமாளிக்கலாம். பல மாதம் கழித்து அதன் முன்னால் போய் உட்கார்ந்தால், யார் நீங்கள் என்று கேட்கும். மூன்று முறை தவறினால் உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிட்டு வெறும் தகரமாகிவிடும்.

அதனால் இன்னாசியின் வேலை இப்போது வேறு. ஆளைப் பேச்சுக் கொடுத்துக் கொடுத்துப் பின்னால் நடத்திக் கூட்டிப்போக வேண்டும், கடைசியாக அலுவலகம் வந்த நாள் வரைக்கும். மனைவியைப் பறிகொடுத்து மூன்று மாத விடுப்பில் போன ஒருவரை, அவள் உயிரோடு இருந்த ஒரு திங்கட்கிழமைக்குக் கூட்டிப்போய் அந்தத் திங்கட்கிழமை மாதிரியே பேச வைத்திருக்கிறான். திறந்தது. அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தார். இன்னாசி அன்று மதிய டிபனைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப்போனான்.

மே மாதத்து வெயிலில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டரைக்கு அந்த அழைப்பு வந்தது.

"தம்பி... நான்... வடிவாம்பாள். அம்பாசமுத்திரத்துல இருந்து பேசுதேன். லேப்டாப்பு... தொறக்க மாட்டேங்கு."

பஸ்ஸிலிருந்து கைக்குழந்தையோடு இறங்குகிறவர்கள் மாதிரி, ஒவ்வொரு சொல்லும் பார்த்துப் பார்த்து இறங்கியது. இன்னாசி அவள் கோப்பைத் திறந்தான். வடிவாம்பாள், நாற்பத்து மூன்று வயது, ஆவணச் சரிபார்ப்புப் பிரிவு, ஐந்தாவது மாடி. பக்கவாதம். பதினான்கு மாத மருத்துவ விடுப்பு. அது முடிவது இன்று மாலை நான்கு மணிக்கு. அதற்குள் உள்ளே நுழைந்து வருகையைப் பதியாவிட்டால், 'தானாகப் பணியிலிருந்து விலகியவர்' என்று கணினியே கடிதம் அடித்துவிடும். மனிதனிடம் கெஞ்சலாம், கணினியிடம் என்ன பேசுவது.

"பக்கத்துல நம்ம ஆபீஸ் மதுரைலதான் இருக்கு மேடம். அங்க வந்து வலைல செருகிட்டா போதும். வர முடியுமா?"

"வாசப்படி எறங்கவே எனக்கு... கால் மணி நேரம் ஆவுது. மதுரைக்கு எங்க."

"ஏற்கெனவே முயற்சி பண்ணீங்களா?"

"ஒருக்க. இருபத்தெட்டுன்னு காட்டிச்சு."

திறக்க எழுபது வேண்டும். இன்னும் இரண்டு முயற்சி பாக்கி. இன்னாசி முதல் வேலையாக மருத்துவச் சலுகையைப் போட்டான். இனி வேகத்தை மடிக்கணினி கணக்கில் எடுக்காது. குழறலையும் தள்ளிவிடும். ஆனால் ஆள் அதே ஆளாக இருக்க வேண்டும்.

"ஒண்ணு கேக்கலாமா மேடம்? இவ்வளவு சிரமத்துல இந்த வேலை வேணுமா?"

"அண்ணன் வீட்டுல இருக்கேன் தம்பி. மதினி நல்லவங்கதான். ஆனா நான் வாயத் தொறக்கும் முன்னால எனக்கும் சேத்து... அவங்களே பதில் சொல்லிருதாங்க. டாக்டர் எங்க வலிக்குன்னு கேட்டா, மதினி சொல்லுதாங்க. இட்லியா தோசையான்னா... அதுக்கும் மதினி. நம்ம வேலை எழுத்து வேலை. அங்க ஒருத்தரும் எனக்காகப் பேச வேண்டாம்லா."

இன்னாசி அவளைப் பின்னால் கூட்டிப்போகத் தொடங்கினான்.

"கடைசியா நீங்க வந்தது மார்ச் இருபத்தாறு. ஜன்னல் பக்கத்து சீட்டா?"

"ஆமா. சதுப்புல பூநாரை வந்திருந்தது. ரோஸ் கலர்ல... நெறைய. பக்கத்து சீட்டு மெஹருன்னிசா. காயல்பட்டினம். வீட்டுல இருந்து வட்டலப்பம்... முட்டை இனிப்பு... கொண்டாந்திருந்தா. ஸ்பூன் கெடயாது. ஐடி கார்டு அட்டையாலதான்... வழிச்சுத் தின்னோம்."

குரலில் ஈரம் ஏறியது. அன்றைக்கு என்ன புடவை, கேன்டீனில் யார் சண்டை போட்டது, மின்தூக்கி எந்த மாடியில் நின்று தொலைத்தது என்று இருபது நிமிடம் நடந்தார்கள். இதற்கு மேல் நடக்க வேண்டாம், ஆள் வந்து சேர்ந்துவிட்டாள் என்று இன்னாசிக்குப் பட்டது.

"இப்ப பேசுங்க மேடம்."

மடிக்கணினி கேட்டது. அவள் நிதானமாக, அழகாகச் சொன்னாள்.

முப்பத்தொன்று.

இன்னாசி நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒன்பது வருடத்தில் இப்படிக் கூட்டிப்போன எவரும் அறுபதுக்குக் கீழே வாங்கியதில்லை. அவன் மதிப்பெண்ணைப் பிரித்துப் பார்த்தான். தொடக்கச் சொல் பொருந்தவில்லை. சிரிப்பு நான்கு எதிர்பார்க்கப்பட்டது, ஒன்றும் வரவில்லை. முடிக்காமல் விடும் வாக்கியம் மூன்று எதிர்பார்க்கப்பட்டது, அதுவும் வரவில்லை.

பக்கவாதம் வந்தவள் வாக்கியத்தை முடிக்கிறாள். மடிக்கணினியோ முடிக்காத ஒருத்திக்காகக் காத்திருக்கிறது. அதற்குள் இருப்பது இவளே இல்லை.

அவன் வாயில் வந்த சொல்லை விழுங்கினான். ஹெல்ப் டெஸ்க் பேச்சு முழுக்கப் பதிவாகும். 'ப்ராக்ஸி' என்றோ 'ஆள்மாறாட்டம்' என்றோ ஒரு சொல் விழுந்தால் அடுத்த நிமிடமே மேலே தகவல் போகும். வேலை போவது ஒருவருக்கா இருவருக்கா என்று விசாரணை வைப்பார்கள். ஆனால் அந்தத் தடைச்சொல் பட்டியலைத் தயாரித்தவர்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் இல்லை.

"மேடம், ஸ்கூல்ல ஆஜர் எடுக்கும்போது என்ன சொல்லுவீங்க?"

"உள்ளேன் ஐயா."

"கடைசி நாள் காலைல உங்களுக்கு 'உள்ளேன் ஐயா' சொன்னது யாரு?"

மெல்ல, "வட்டலப்பம்" என்றாள்.

"ஒரு நாளா?"

"மூணு வாரம்."

"லைன்லயே இருங்கக்கா," என்றான் இன்னாசி. மேடம் எப்போது அக்கா ஆனாள் என்று அவனே கவனிக்கவில்லை.

ஐந்தாவது மாடியில் ஜன்னலோரம் ஒரு மேஜை காலியாக இருந்தது. அதற்கு அடுத்த மேஜையில் மெஹருன்னிசா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தாள். உயரமான பெண், நாற்பதைத் தொட்டிருக்கும்.

"ஹெல்ப் டெஸ்க்கா? என் லேப்டாப் நல்லாத்தானே இருக்கு."

"வடிவாம்பாள் மேடம் லைன்ல இருக்காங்க."

மூடி கையிலேயே நின்றது. "எப்படிப் பேசுறா?"

"மெதுவா."

"மெதுவாவா? அவளா?" என்றாள். எழுந்து விறுவிறுவென்று மாடிப்படிக்கு நடந்தாள். அங்கே மைக் கிடையாது என்பது அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

இன்னாசி விஷயத்தைச் சொன்னான். அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒத்தத் தலைவலின்னா. காலைல எந்திரிக்க முடியல, ஒன்பது மணிக்கு நீ தொறந்து வைடி, பதினொண்ணுக்கு வந்துடுறேன்னா. எனக்கு மிமிக்ரி வரும் தம்பி. யார் ரிட்டயர் ஆனாலும் அவரை மாதிரிப் பேசச் சொல்லி என்னைத்தான் மேடை ஏத்துவாங்க. முதல் நாள் எழுபத்தொண்ணுல தப்பிச்சேன். அப்புறம் தினம் கொஞ்சம் கொஞ்சமா அது என் பக்கம் நகர்ந்து வந்துடுச்சு."

"அதுல என்ன பெரிய தப்பு மேடம், எல்லாரும்—"

"அது வெறும் பூட்டு மட்டும் இல்லன்னு உங்களுக்குத் தெரியாதா?" மெஹர் அவனைப் பார்க்கவில்லை. "நாக்கு குழறினா, வார்த்தை தட்டுப்பட்டா, கீழ நர்ஸுக்குத் தகவல் போகும். மூணாவது மாடி தாமோதரன் சார் அப்படித்தான் பிழைச்சார். வடிவுக்கு ஏன் தகவல் போகல? அது கேட்டுக்கிட்டிருந்தது என் பேச்சை. நான் குத்துக்கல்லு மாதிரி இருந்தேன். அவ வீட்டுல விழுந்து கிடந்தா."

கீழே யாரோ படியேறி வரும் சத்தம் கேட்டு நிறுத்தினாள். அவர்கள் கடந்து போனதும், "பதினாலு மாசமா ஒரு போன் பண்ணல. பண்ணி என்னன்னு பேச?" என்றாள்.

"இப்ப பேச ஒரு காரணம் இருக்கு மேடம். லேப்டாப்புக்குள்ள இருக்கிற வடிவு நீங்க பேசின வடிவு. அவங்க அதைப் பேசிக் காட்டணும். கேட்டுத் தெரிஞ்சுக்க வேற ஆள் கிடையாது. ரூல்ஸ்படி நினைவூட்டுறதுக்கு ஒருத்தரைப் பக்கத்துல வச்சுக்கலாம். நீங்க நினைவூட்டுறீங்க, அவ்வளவுதான். நாலு மணி வரைக்கும்தான் டயம்."

மெஹர் அவனுக்கு முன்னால் இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

மூன்று இருபதுக்கு இரண்டாவது ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வடிவு," என்றாள்.

"மெஹரு... இளைச்சுட்டியோ? கொரலு... கம்மலா இருக்கு."

"நான் குண்டாத்தான் இருக்கேன். அதெல்லாம் அப்புறம். இங்க பாரு, எதைக் கேட்டாலும் 'அதாவது என்னன்னா'ன்னு ஆரம்பி."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"எப்பவும் சொல்லுவே."

"சொல்ல மாட்டேன்."

"உன் கல்யாணம் ஏன் நின்னுச்சுன்னு நான் கேட்டேனே, அப்ப உன் வாயில வந்த முதல் வார்த்தை என்ன?"

யோசனை நடந்தது. "அதாவது... என்னன்னா."

"ஆங். ரெண்டாவது, சிரிப்பு. கதையைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நீயே சிரிச்சுடுவே. அந்தத் தாசில்தார் கதையை எட்டு வருஷமா சொல்றே, கடைசில தாசில்தார் என்ன ஆனாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. மூணாவது, எதையும் முடிக்க மாட்டே. ரெண்டு சொல்லிட்டு 'அப்புறம் அந்த இது'ன்னு விட்டுடுவே. மிச்சத்தை நான் போட்டுக்கணும்."

"ஆபீஸ்ல நான்... அளந்துல்லா பேசுவேன்."

"மத்தவங்ககிட்ட அளந்துதான் பேசுவே. என்கிட்ட இப்படி. எனக்குத் தெரிஞ்ச வடிவு அவதானே. அவளைத்தான் நான்—"

இன்னாசி மைக்கில் பலமாக இருமினான். மெஹர் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்த இருபது நிமிடம் அந்தச் சின்னத் தடுப்பறையில் நடந்ததைப் பார்த்திருந்தால் எந்த மேலாளருக்கும் தலை சுற்றியிருக்கும். ஒருத்தி தன்னைப் போலப் பேசத் தோழியிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படி இல்லடி, இன்னும் இழுத்து. சிரிப்பு தொண்டையில இல்ல, மூக்குல. நான் மூக்கால சிரிப்பேனா. குதிரை மாதிரி. சும்மா இரி. நடுநடுவே இருவரும் அந்த நாட்களில் பொழுதெல்லாம் பேசிக்கொண்டிருந்த ஏதேதோ பெயர்கள் வந்தன, போயின. பூநாரை இந்த வருடம் வரவில்லை என்றாள் மெஹர். அங்கே பார்க்க ஆள் இல்லை என்று தெரிந்திருக்கும் என்றாள் வடிவு.

மூன்று நாற்பத்து மூன்று. கடைசி முயற்சி.

மடிக்கணினி கேட்டது: "அண்மையில் உங்களை மகிழ்வித்தது எது?"

"அதாவது என்னன்னா..." வடிவு தொடங்கினாள். "எங்கூர்ல ஒரு தாசில்தாரு... அவருக்கு மீசைன்னா..." மூக்கால் சிரித்தாள். அது பொய்ச் சிரிப்பு. இன்னாசிக்கே தெரிந்தது. "ஜப்திக்கு வந்த எடத்துல... ஒரு ஆடு..." இரண்டாவது சிரிப்பும் அப்படித்தான். ஆனால் இங்கே மெஹரின் தோள் குலுங்கத் தொடங்கியிருந்தது. சத்தம் வெளியே வந்துவிடாமல் முகத்தை முழங்கையில் புதைத்துக்கொண்டாள். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குலுங்கல் எப்படித்தான் அறுநூறு கிலோமீட்டர் போனதோ, மூன்றாவது சிரிப்பு நிஜமாகவே வந்தது. "அந்த ஆடு அவரு மீசைய... அப்புறம் அந்த இது..." அதோடு நின்றுபோனது.

எழுபத்து நான்கு. திறந்துகொண்டது.

மெஹர் முழங்கையிலிருந்து முகத்தை எடுத்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. ஹெட்செட்டைக் கழற்றப் போனாள்.

"மெஹரு, வச்சிராத. ஒண்ணு சொல்லணும்." வடிவின் சொற்கள் மறுபடி படியிறங்கத் தொடங்கின. "தலைவலின்னு சொன்னேம்லா. அது பொய்யி."

"என்னது?"

"கை மரத்துச்சு. ஒரு நாள் 'சன்னல்'னு சொல்ல... வரல. காலைல மெஷினு என்னயக் கேட்டா... கண்டுபிடிச்சிரும்னு தெரியும். ஏப்ரல் ஒண்ணாந்தேதி எனக்கு டீம் லீடர் போஸ்ட்டு. ஒம்பது வருசம் காத்துக் கெடந்தேன். சீக்குன்னு தெரிஞ்சா குடுப்பாங்களா. அதான்... உன்னய சொல்லச் சொன்னேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சே."

"பதினாலு மாசம் வடிவு. தொழுகைல உட்கார்ந்தா உன் முகம்தான். நான் உன்னை அடிச்சுப் போட்டுட்டேன்னு ஒவ்வொரு நாளும் நினைச்சேன். ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம்ல, பாவி."

"சொன்னா... நீ என்னய விட்டுருவன்னு பயந்துட்டேன்."

"போடி," என்றாள் மெஹர். அதில் செல்லம் கொஞ்சமும் இல்லை. ஹெட்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். எழுந்து நின்றாள். அப்படியே நின்றாள். பிறகு உட்கார்ந்தாள்.

மூன்று ஐம்பத்திரண்டு.

இன்னாசி மெல்லச் சொன்னான். "அக்கா, இன்னும் முடியல. தொறந்ததால இப்ப நீங்க ஆபீஸ் வலைக்குள்ள வந்துட்டீங்க. பழைய நகலை அழிச்சுட்டு அது இன்னிக்கு இருக்கிற உங்களைப் பதியும். அது பதிஞ்சாத்தான் வருகை ஏறும். ஒரே ஒரு கேள்வி."

"மறுபடியும்... இவ சொன்ன மாதிரியா?"

"வேண்டாம். மார்க்கெல்லாம் கிடையாது. நீங்க இப்ப பேசுற மாதிரி பேசினாப் போதும், எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. ஆனா ஊடால வேற குரல் ஒண்ணு கேட்டுதுன்னா பதிவு செல்லாது. மறுபடி எடுக்க நமக்கு நேரம் இல்ல." கடைசி வாக்கியத்தை மெஹரைப் பார்த்துச் சொன்னான். அவள் ஹெட்செட்டை எடுத்து மறுபடி காதில் மாட்டினாள்.

"இன்று காலை என்ன செய்தீர்கள்?" என்றது மடிக்கணினி.

"காலைல..."

ஐந்து நொடி. பத்து நொடி.

"ஜாக்கெட்டு..."

மெஹரின் உதடு பிரிந்தது. அந்த வாக்கியத்தை முடிக்க அவளிடம் நாலைந்து வழி தயாராக இருந்தது. ஜாக்கெட் தைக்கக் கொடுத்தாய், ஜாக்கெட்டைப் பிரித்தாய், ஜாக்கெட் சேரவில்லை. எட்டு வருடமாக முடித்துக் கொடுத்த வாய். இன்னாசி கையை நீட்டுவதற்குள் அவளே துப்பட்டா முனையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள்.

அங்கே மூச்சு வாங்குவது கேட்டது. எங்கோ குக்கர் அடங்கியது.

"கொக்கி..."

இருபது நொடி. மெஹர் மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவள் கண்ணிலிருந்து இறங்கியது துப்பட்டாவில் ஊறியது.

"நானே... மாட்டினேன்."

பிறகு, இன்னும் நிதானமாக: "நாலு கொக்கி. பதினோரு நிமிசம்."

திரையில் பச்சைக் கோடு ஓடி முடிந்தது. குரல் ஒன்று. பதிவு செல்லும். வருகை மூன்று ஐம்பத்தாறு. வணக்கம் வடிவாம்பாள் என்றது.

இன்னாசி நாற்காலியில் சாய்ந்தான். மெஹர் இன்னும் வாயிலிருந்து துப்பட்டாவை எடுக்கவில்லை.

"முடிஞ்சுது மேடம். இனிமே நீங்க பேசலாம்."

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். ஒரு விரலை உயர்த்தி, பொறு என்று காட்டினாள். ஹெட்செட்டுக்குள் வடிவு இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள்.